மெழுகில் விழுந்த நிழல்

"மேடம், ஒரு வீணை உருகிடுச்சாம்" என்றான் பிரபு.

வஜீஹா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "வீணை உருகாது. கேக்கறவங்கதான் உருகுவாங்க."

"இது நெசமாவே உருகிடுச்சு மேடம். உருக்கினது எங்க அத்தைன்னு சொல்லிக்கினு கீறாங்க."

ராயப்பேட்டையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது வஜீஹாவின் அலுவலகம். இரண்டு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு டெலிபோன். அதற்கு முன் பல வருடங்கள் அவள் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தாள். எரிந்ததாகச் சொல்லப்பட்ட கிடங்குகள் நிஜமாகவே எரிந்தனவா, எரிக்கப்பட்டனவா என்று பார்த்துச் சொல்கிற வேலை. அடுத்தவனுக்காகப் பொய் பிடித்தது போதும், இனி சொந்தமாகப் பிடிக்கலாம் என்று வெளியே வந்து துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்துவிட்டாள். பிரபு அவளுடைய ஒரே உதவியாளன். அவனுக்கு வேலையைவிட வாய் அதிகம் என்பது அவளுடைய புகார். வாய் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே ஓடாது என்பது அவனுடைய பதில்.

அத்தை வாசற்படியிலேயே நின்றிருந்தாள். பெயர் பாஞ்சாலி. மயிலாப்பூரில் வீணை விதுஷி மஹதி வீட்டில் நெடுநாளாக வேலை செய்கிறவள். நேற்று முழுக்க அழுதிருக்கிறாள் என்பதைக் கண்கள் சொல்லின.

"உள்ள வாங்கம்மா. உக்காந்து சொல்லுங்க."

"இன்னாத்த சொல்றது மேடம்? நேத்து காலைல போய் ரூமைப் பெருக்கிக்கினு இருந்தேன். அம்மா வந்தாங்க. வீணையப் பாத்து 'ஐயோ'ன்னாங்க. ஐயா ஓடியாந்தாரு. ரூம்ல நான்தான் கீறேன், கையில தொடப்பம் வேற. அவ்ளோதான், பழி எம்மேல."

"உருகினது எது? வீணையேவா?"

"வீணை மேல வரிசையா கம்பி வெச்சிருப்பாங்களே, மெட்டுன்னுவாங்க. அத்த மெழுகுல பதிச்சிருப்பாங்க. அந்த மெழுகு இளகி கம்பியெல்லாம் சாஞ்சு பூட்ச்சு."

"நீங்க ஏன் அதைச் செய்யணும்னு அவங்க நினைக்கறாங்க?"

பாஞ்சாலி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஞாயித்துக்கெழமை எம் மவ தமிழ்நிலாவப் பொண்ணு பாக்க வராங்க. ரெண்டு நாள் லீவு கேட்டேன். கச்சேரி நேரத்துல முடியாதுன்னாரு ஐயா. கொஞ்சம் பேச்சு வளந்துச்சு. அந்தக் கோவத்துல வீணையத் தூக்கிக்கினு போய் மொட்டை மாடி வெயில்ல வெச்சிட்டேனாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கலைன்னா போலீசாம். போலீசு எங்கூட்டாண்ட வந்தா, பொண்ணு பாக்க வர்றவங்க தெரு முனையோட திரும்பிட மாட்டாங்க?"

"அந்த ரூம்ல சமீபத்துல ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

பாஞ்சாலி யோசித்தாள். "காலைல கதவத் தொறந்தா இஸ்திரிப் பொட்டி வாசனை அடிக்கும் மேடம். கொஞ்ச நாளாதான். ஆனா அவங்கூட்டுல இஸ்திரிப் பொட்டியே கெடையாது. துணியெல்லாம் வண்டிக்காரன்கிட்டதான் போவுது."

வஜீஹா கைனடிக் ஹோண்டாவின் சாவியை எடுத்தாள். பாஞ்சாலியை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பிரபுவுடன் கிளம்பினாள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. கதவைத் திறந்தவர் மஹதியின் கணவர் ஸ்ரீரங்கன். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் முகத்தில் அதிகாரம் மட்டும் பணியில் இருந்தது.

"பாஞ்சாலிக்காக வந்திருக்கேன் சார். எரிஞ்சது, உருகினது எல்லாம் பாத்துப் பாத்து பழகினவ நான். போலீஸ் வந்தா அவங்களும் பாக்கத்தானே போறாங்க? முன்னாடியே நான் பாத்துட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"பேஷாப் பாருங்கோ. எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்லை" என்றார் ஸ்ரீரங்கன்.

அவருக்குப் பின்னால் மஹதி நின்றிருந்தாள். மெலிந்த முகம், நெற்றியில் பெரிய குங்குமம், புடவைத் தலைப்புக்குள் மறைந்த கைகள். வஜீஹாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். வரவேற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

சாதக அறையில் சாமான் குறைவு. ஒரு பாய், ஒரு தம்பூரா, சுவரை ஒட்டிப் பலகை மேல் வீணை. வஜீஹா மண்டியிட்டுக் குனிந்தாள். மெட்டுகள் இரண்டு நீளமான மெழுகு வரப்புகளின் மேல் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. வாசிப்பவர் பக்கத்து வரப்பு ஒழுங்காக இருந்தது. எதிர்ப்பக்கத்து வரப்புதான் இளகி வழிந்திருந்தது. மெட்டுகள் அந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஆனால் எல்லாமே சாயவில்லை. சாய்ந்தவற்றின் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சில மெட்டுகள் நிமிர்ந்து நின்றன.

"கெழவனுக்குப் பல்லு விழுந்தாப்ல கீது" என்று முணுமுணுத்தான் பிரபு. "நடுப்பல்லு மட்டும் ஸ்ட்ராங்."

"மொட்டை மாடி வெயில்ல வெச்சிருக்கா, வேறென்ன?" என்றார் ஸ்ரீரங்கன்.

"நேத்தும் முந்தாநேத்தும் வெயில் அடிச்சுதா சார்?"

"எங்க ஏரியால துவைச்ச துணியே இன்னும் காயல சார்" என்றான் பிரபு.

ஸ்ரீரங்கன் கட்சி மாறினார். "அப்போ வெந்நீரை ஊத்தியிருப்பா."

"மரத்துல ஈரம் பட்ட தடமே இல்லையே. பாலிஷ்கூட மங்கலை." வஜீஹா எழுந்தாள். "இந்த ரூமுக்குள்ள யாரெல்லாம் வருவாங்க?"

"இவ, பாஞ்சாலி. நான் வரமாட்டேன், இது அவ ராஜ்யம். முந்தாநேத்து சாயங்காலம் ஷ்ரவண் வந்தான். இவளோட அக்கா பிள்ளை. ரெண்டு பேருமா வாசிச்சிண்டிருந்தா. அவனும் நன்னா வாசிப்பான். சனிக்கிழமை சபால இவளுக்குக் கச்சேரி, வீணை இப்படி ஆயிடுத்துன்னு நேத்தே அவாகிட்ட சொல்லிட்டேன். இவளால முடியலேன்னா அவனுக்குத்தான் கொடுப்பா."

பிரபுவின் காது நீண்டதை வஜீஹா கவனித்தாள்.

"நேத்து காலைல நீங்க வாசிச்சீங்களா மேடம்?" என்று மஹதியைக் கேட்டாள்.

"இல்லை" என்றாள் மஹதி.

"தினமும் விடிகாலைல சாதகம் பண்ணுவா. நான் பார்க்குக்கு நடக்கப் போயிடுவேன், இவ உக்காந்துடுவா. நேத்திக்கு என்னமோ பண்ணலைங்கறா" என்றார் ஸ்ரீரங்கன்.

வஜீஹாவின் பார்வை சுவரில் தாழ்வாக இருந்த பெரிய பிளக் பாயின்டில் நின்றது. ஏசிக்குப் போடுகிற தடித்த மூன்று துளை பிளக்.

"ஏசி இருந்துதா சார்?"

"போடலாம்னு ஒயரிங் பண்ணினோம். இவளுக்குக் குளிர் ஒத்துக்கலை, வேண்டாம்னுட்டா. சும்மாவேதான் இருக்கு."

சும்மா இருக்கிற பிளக்கின் சுவிட்ச் மட்டும் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் இருந்த மற்றதன் மேல் தூசு படிந்திருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் புகார் எழுத வேண்டாம் சார். நான் திரும்பி வர்றேன்."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்ததுமே பிரபு ஆரம்பித்துவிட்டான். "மேடம், அக்கா புள்ளதான் ஆளு. கச்சேரி சான்ஸுக்காக சித்தி வீணையவே காலி பண்ணிட்டான்."

"எதால காலி பண்ணினான்?"

"அது... நீங்க சொல்லுங்க."

"இஸ்திரிப் பெட்டி வாசனை. ஏசி பிளக். மெழுகு இளகுற சூடு, ஆனா மரம் கருகாத சூடு. ரூம் ஹீட்டர்."

"ஹீட்டரா? மெட்ராஸ்லயா? காஷ்மீர்ல போய் இளநீர்க் கடை வெச்சா மாதிரி இல்ல கீது!"

"அதுதான் நமக்கு வசதி. இந்த ஊர்ல ஹீட்டர் எடுத்தவனை யாரும் மறக்க மாட்டாங்க."

மெஹபூப் பாஷா மறக்கவில்லை. ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர் வாடகைச் சாமான் கடை வைத்திருந்தார். ஜெனரேட்டர், கல்யாண லைட், படப்பிடிப்பு விளக்கு எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் அலமாரி நிறைய ஹீட்டர்கள். இன்சூரன்ஸ் காலத்திலிருந்தே வஜீஹாவுக்கு அவரைத் தெரியும்.

"வாம்மா பேட்டி. ஹீட்டரா? வருசம் பூரா தூங்குங்க இதுங்க. மார்கழி வந்தாத்தான் இதுங்களுக்குக் கல்யாணம். கொழந்த பொறந்த வீட்டுக்குப் போவும், மூட்டு வலிக்கு வைத்தியம் பாக்கற எடத்துக்குப் போவும்."

"சமீபத்துல யாராவது எடுத்தாங்களா சாச்சா?"

"கண்ணாடி போட்ட ஒரு தம்பி ரெண்டு எடுத்துக்கினு போனான். டி. நகர்ல கம்ப்யூட்டர் கம்பெனியாம். 'கம்ப்யூட்டருக்குக் குளுரு வேணும், எங்களுக்குச் சூடு வேணும்'னு சொல்லிச் சிரிச்சான். ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு வீட்டுக்கு. பேரு ஷ்ரவண். சொல்றதுக்குள்ள நாக்கு சுளுக்கிக்கும், அதான் ஞாபகம்."

பிரபு மேஜையில் தட்டினான். "சொன்னேனா இல்லையா மேடம்?"

"அவர் எடுத்த மாதிரியே ஒண்ணைப் போட்டுக் காட்டுங்க சாச்சா."

பாஷா ஒரு ஹீட்டரைத் தரையில் வைத்து பிளக்கைச் செருகினார். கம்பி வலைக்குப் பின்னால் இரண்டு குழல்கள். அவற்றுக்குப் பின்னால் கண்ணாடி போல் பளபளக்கும் வளைந்த தகடு. குழல்கள் மெல்லச் சிவந்தன. தூசு கருகும் வாசனை வந்தது. சந்தேகமே இல்லை, இஸ்திரிப் பெட்டி வாசனைதான்.

"இன்னா மேடம் இது? மேல ஃபேன் ஓடுது, காத்து ஜில்லுனு கீது. ஆனா என் முட்டி மட்டும் வேவுது!"

"இது காத்தைச் சூடு பண்ற மெஷின் இல்ல தம்பி" என்றார் பாஷா. "வெயிலு மாதிரி. எதிர்ல எவன் நிக்கிறானோ அவனைத்தான் சுடும். கொழந்த இருக்கற வீட்டுக்குக் குடுக்கறப்ப தள்ளி வைக்கச் சொல்லி நூறு தபா சொல்லுவேன்."

பிரபு இன்னும் நன்றாகப் பார்க்க முன்னால் வந்து குனிந்தான். அவன் பின்னால் நின்ற வஜீஹாவின் முகத்தில் இருந்த வெதுவெதுப்பு சட்டென்று போய்விட்டது.

"பிரபு, தள்ளிப் போ."

போனான். கன்னத்தில் மறுபடி சூடு.

"இப்போ முன்னாடி வா."

"இன்னா மேடம், என்னைத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு தோசை சுடறீங்களா?"

 வஜீஹா தன் கையை ஹீட்டருக்கு எதிரே நீட்டி, அதன் நிழல் சுவரில் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டி. நகரில் வெயில் இல்லாவிட்டாலும் புழுக்கம் இருந்தது. கடைத்தெருக் கூட்டத்தில் புகுந்து வெளியே வந்தபோது பிரபுவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாடியில் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கதவைத் திறந்ததும் குளிர் வந்து மோதியது. உள்ளே நான்கு பெண்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மஃப்ளர் வேறு கட்டியிருந்தாள்.

"கீழ வேர்வை, மேல ஊட்டி" என்றான் பிரபு. "ஒரு மெஷின் குளுர வெக்கிது, இன்னொரு மெஷின் குளுரு போக்குது. ரெண்டையும் ஆஃப் பண்ணா இன்னா ஆவும்?"

"கம்ப்யூட்டர் நின்னுடும்" என்றான் ஷ்ரவண். கண்ணாடி போட்ட, மிரண்ட முகம். அவன் மேஜைக்கு அடியில் ஹீட்டர்கள் சிவந்துகொண்டிருந்தன. ஒன்றல்ல, இரண்டு. "மேனேஜருக்குத் தெரியாது. தயவு செஞ்சு சொல்லிடாதீங்கோ. இவா எல்லாருக்கும் கால் விறைச்சுப் போறது."

வஜீஹா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். "ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு வீட்டுக்குன்னு சொல்லித்தானே எடுத்தீங்க?"

"ஆமா. வீட்டுலதான் இருந்தது. நேத்துதான் இங்க கொண்டு வந்தேன்."

"எந்த வீடு?"

"ஆதம்பாக்கம். நானும் இன்னொரு ஃப்ரெண்டும் ரூம் எடுத்திருக்கோம்."

வஜீஹா குனிந்து, இடப்பக்கத்து ஹீட்டரின் தலையில் இருந்த சிவப்புப் பொட்டைக் காட்டினாள். புதுச் சாமான் வீட்டுக்குள் வந்தால் வைக்கிற குங்குமம்.

"உங்க ரெண்டு பேர்ல யாரு குங்குமம் வைக்கறது?"

ஷ்ரவண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். 

பிரபு பாய்ந்தான். "இன்னா மச்சி, சித்தி கச்சேரி போச்சுன்னா மேடை உனுக்கு. அதான?"

"சபாலேர்ந்து நேத்தே கேட்டா. நான் முடியாதுன்னுட்டேன்" என்றான் ஷ்ரவண். "வேணும்னா போன் பண்ணிப் பாருங்கோ."

வஜீஹா அவன் மேஜையிலிருந்தே போன் செய்தாள். சபா செயலாளர் அலுத்துக்கொண்டார். ஆமாம், கேட்டோம். பையன் பிடிவாதமாக மறுத்துவிட்டான். சித்தி வாசிக்காத மேடையில் தானும் வாசிக்க மாட்டானாம். சனிக்கிழமைக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பிரபுவின் முகம் காற்றுப் போன பலூனாயிற்று.

"உங்களை யாரும் குத்தம் சொல்லலை ஷ்ரவண்" என்றாள் வஜீஹா. "பழி பாஞ்சாலி மேல. சாயங்காலம் போலீசுக்குப் போகப் போறார் உங்க சித்தப்பா."

ஷ்ரவண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "பாஞ்சாலி மேலயா? எனக்குத் தெரியவே தெரியாதே! சித்தி எப்படி சும்மா இருந்தா?"

சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்தான்.

"அதைத்தான் நானும் அவங்ககிட்ட கேக்கப் போறேன்" என்றாள் வஜீஹா.

மயிலாப்பூர் வீட்டில் ஸ்ரீரங்கன் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். மேஜை மேல் புகார்க் காகிதம்.

"அஞ்சு நிமிஷம் சார். மஹதி மேடம்கிட்ட தனியாப் பேசணும். அது வரைக்கும் பிரபு உங்களுக்கு உதவி செய்வான்."

பிரபு காகிதத்தின் மேல் குனிந்தான். "சார், 'வீணை'க்கு மூணு சுழி போடணுமே, ரெண்டுதான் போட்டுக்கீறீங்க?"

"எங்கே?" என்று ஸ்ரீரங்கன் கண்ணாடியைத் தேடினார்.

வஜீஹா சாதக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மஹதி வீணைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வீணையோட எந்தப் பக்கம் உருகியிருக்குன்னு பாருங்க மேடம். சுவத்தை ஒட்டின பக்கம். நடுவுல ஒரு உள்ளங்கைக்குக்கூட இடமில்லை. ஹீட்டர் அங்கே இருந்திருக்க முடியாது. அப்போ வீணை பலகையில இல்லை, ஒருத்தர் மடியில இருந்திருக்கு. ஹீட்டர் அவங்களுக்கு எதிர்ல இருந்திருக்கு. பாஞ்சாலிக்கு வீணையை மடியில வெச்சுக்கத் தெரியாது. தெரிஞ்சவங்க ரெண்டே பேர்."

மஹதி தலைப்பை இன்னும் இழுத்துக் கைகளை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு பேர்ல யாருன்னு இந்த மெட்டுங்களே சொல்லுது. ரெண்டு ஓரமும் சாஞ்சு போச்சு, நடுவுல மட்டும் நிமிர்ந்து நிக்குது. ஏன்? அங்கே ஒரு நிழல் விழுந்திருக்கு. ஹீட்டர் சூடும் வெளிச்சம் மாதிரிதான். குறுக்கே எது நின்னாலும் அதுக்குப் பின்னால சூடு போகாது. வீணைல இடது கை வெளிப்பக்கமா சுத்தித்தானே மெட்டு மேல வரும்? வாசிக்கற கையா இருந்தா மேலயும் கீழயும் ஓடிக்கிட்டே இருக்கும். இந்தக் கை அசையவே இல்லை. ஒரே இடத்துல இருந்திருக்கு. வாசிக்கறதுக்காக இல்லை, காயறதுக்காக." வஜீஹாவின் குரல் தாழ்ந்தது. "உங்க இடது கையை அந்த மெட்டுங்க மேல வைங்க மேடம்."

 மஹதி தலைப்புக்குள்ளிருந்து இடது கையை எடுத்தாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. நடுவிரலும் மோதிர விரலும் பாதிக்கு மேல் நிமிரவில்லை. அந்தக் கையை வீணையின் மேல் வைத்தாள். நிமிர்ந்து நின்ற மெட்டுகளை அது கச்சிதமாக மூடியது.

"காத்தால எழுந்தா விரல் மடங்கினபடியே இருக்கும்" என்றாள் மஹதி. "ஷ்ரவண் ஆபீஸ்ல ஹீட்டர் வெச்சுக்கறான்னு சொன்னான். எனக்கும் ஒண்ணு கொண்டு வாடான்னேன். இவர் நடக்கப் போனதும் போட்டுண்டு உக்காருவேன். கொஞ்ச நாழி காட்டினா விரல் பேச்சு கேக்கும். அப்பறம் வாசிப்பேன். நேத்திக்கு ரொம்ப வலி. கிட்டக்க இழுத்து வெச்சுண்டேன். கண்ணை மூடி மனசுக்குள்ளயே ராகத்தை ஓட்டிண்டிருந்தேன். இதமா இருந்தது, கையை எடுக்கவே தோணலை. கண்ணைத் திறந்தா மெழுகு வழியறது."

"பாஞ்சாலி?"

"ஹீட்டரை அணைச்சுப் பரண்ல ஏத்திட்டு, என்ன சொல்றதுன்னு தெரியாம உள்ளே போயிட்டேன். திரும்பி வரச்சே அவ பெருக்கிண்டிருந்தா. மறுபடியும் பாத்ததும் என்னையறியாம கத்திட்டேன். இவர் வந்து அவ மேல பாஞ்சார். இல்லேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னா ஹீட்டர் ஏன்னு கேப்பார். கை தெரிஞ்சுடும். டாக்டர் வாசிக்கறதைக் குறைச்சுக்கச் சொல்லியிருக்கார். இவர் அடியோட நிறுத்திடுவார். சபாக்காரா காதுக்குப் போனா அடுத்த வருஷம் யார் கூப்பிடுவா?" அவள் குரல் உடைந்தது. "போலீஸ் வேண்டாம்னு மட்டும் சொன்னேன். அது போறாதுன்னு எனக்கே தெரியும்."

நேற்று மதியம் ஸ்ரீரங்கன் தூங்கிக்கொண்டிருந்தபோது ஷ்ரவண் வந்து ஹீட்டரை எடுத்துப் போயிருக்கிறான். பாஞ்சாலி அதற்கு முன்பே துரத்தப்பட்டுவிட்டாள். அதை மட்டும் அவனிடம் மஹதி சொல்லவில்லை.

வஜீஹா கொஞ்சம் யோசித்தாள். "பாஞ்சாலி செய்யலைன்னு நான் இப்பவே வெளிய போய் நிரூபிச்சுடுவேன். உங்க பேரைச் சொல்லாமலே. ஆனா அடுத்த பேரு ஷ்ரவண்தான். உங்க வீட்டுக்காரர் அவனைத்தான் பிடிப்பார். அவனும் உங்களைக் காட்டிக் கொடுக்காம வாங்கிக் கட்டிக்குவான்."

மஹதி எழுந்தாள். எழும்போது வலது கையைத்தான் ஊன்றினாள். கதவைத் திறந்து நேராகக் கூடத்துக்குப் போனாள்.

"அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்கோ" என்றாள். "உருக்கினது நான்தான்."

அதன் பிறகு அவள் சொன்னதை ஸ்ரீரங்கன் நின்றபடியே கேட்டார். முதலில் நம்பவில்லை. அவள் இரண்டு கைகளையும் அவர் முன் நீட்டியதும் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்து அந்தக் கைகளை அவர் பார்க்கவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா வாசிக்க விடமாட்டேள்."

"விடமாட்டேன்தான்" என்றார் அவர். பிறகு மெதுவாக, "அதுக்காக அந்தப் பொம்மனாட்டியை நான் என்னென்னவோ பேசிட்டேனே!" என்றார்.

சபாவுக்கு மஹதியே போன் செய்தாள். கை சரியில்லை, வீணையும் இல்லை, இரவல் வீணையில் ஷ்ரவணும் கூட உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் வாசிக்க முடியும் என்றாள். மறுமுனையில் கதவு சாத்தப்படும் என்று காத்திருந்தாள். செயலாளரோ, தன் மாமியாருக்கும் இதே தொந்தரவு என்றும், எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்றும் கேட்டார். தேடிக் களைத்திருந்தவருக்கு முக்கால் மணி நேரமே பெரிய நிம்மதி.

விளக்கு வைக்கிற நேரத்தில் ராயப்பேட்டை அலுவலக மாடிப்படியில் ஸ்ரீரங்கனும் மஹதியும் ஏறி வந்தார்கள். பாஞ்சாலி நாற்காலியிலிருந்து எழப் போனாள். எழ வேண்டாம் என்று பிரபு அவள் தோளை அழுத்தினான்.

ஸ்ரீரங்கனுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "நான் விசாரிக்காம பேசிட்டேன். தப்பு என்னோடது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, இன்னொரு முறை சொன்னார்.

பாஞ்சாலி அவரை விட்டுவிட்டு மஹதியைப் பார்த்தாள். "நீங்க ஏம்மா சொல்லல?"

"பயம் பாஞ்சாலி."

"எனுக்கும் நேத்துலேர்ந்து அதாம்மா" என்றாள் பாஞ்சாலி.

 மஹதியின் கையைப் பாஞ்சாலி தன் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வீங்கிய கணுக்களைக் கட்டை விரலால் மெதுவாக நீவினாள். "வேப்பெண்ண போட்டுத் தேய்க்கணும். ஹீட்டர்ல வெச்சு வாட்டறதுக்கு இது இன்னா கருவாடா?"

மஹதி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "நாளைலேர்ந்து வரியா?"

பாஞ்சாலி கையை விட்டாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"வேலைக்கு வரலம்மா. வேற வூடு பாத்துக்கறேன். கச்சேரிக்கு வரேன். இத்தினி வருசமா கதவுக்கு அந்தாண்ட நின்னே கேட்டுக்கினு இருந்தேன். முன் வரிசைல ரெண்டு சீட்டு போட்டு வைங்க. எங்க தமிழ்நிலாவையும் இட்டாரேன்."